ஒரு சிட்டிகை பவுடர்

கோவிச்சுக்கிடாதிய அக்கா. அந்தப் பவுடர் டப்பாவக் கொஞ்சம் பைக்குள்ள வைங்க. எனக்கு அந்த வாசனை ஆகாது. இழுப்பு, ஆஸ்துமா அப்படி எல்லாம் ஒண்ணுமில்ல. இது வேற கதை.

நீங்க எங்கன போறிய? நாகர்கோவிலா? அப்ப புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி மாறணும். நானும் அங்கனதான் இறங்குதேன். எனக்கு பதினோரு மணிக்கு லேபர் ஆபீஸ்ல சாட்சி இருக்கு. நான் தப்பு பண்ணி எல்லாம் இல்ல. சாட்சி சொல்லப் போறேன். ஒரு பிள்ளைக்காக.

சொல்லுதேன். உங்க ஊரு வேற, எங்க ஊரு வேற. இனி உங்கள நான் எங்க பாக்கப் போறேன். இத ஒரு ஆளுகிட்டயும் சொன்னதில்ல.

என் பேரு உலகம்மா. சங்கரன்கோவில்ல தையல் கடை வச்சிருக்கேன். நைட்டி, பள்ளிக்கூட யூனிபார்ம், எல்லாம் தைப்போம். அதுக்கு முன்ன நான் சோலார் கம்பெனில இருந்தேன். பேரு வேண்டாம், கேஸ் நடக்குது. கூரையில பலகை பலகையா வைக்காவல்ல, அந்தப் பலகைக்குள்ள நீலமா சதுரம் சதுரமா இருக்கும் பாருங்க. அதுக்குப் பேரு செல்லு. அந்தச் செல்லு செய்யுத கம்பெனி. அப்பளம் மாதிரி இருக்கும். அப்பளத்த விட மெலிசு. பிடிக்கத் தெரியாம பிடிச்சா விரல்லயே ஒடிஞ்சு போகும். நான் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல கையாண்டிருக்கேன். மொத்தம் ஏழு வருசத்துல நான் ஒடிச்சது முப்பதோ நாப்பதோ.

உள்ள போகணும்னா வெள்ளையா ஒரு அங்கி மாட்டணும். தலையிலருந்து கால் வரைக்கும் மூடி, கண்ணு மட்டும் தெரியும். அதுக்குப் பேரு பன்னி சூட். இங்கிலீஷ்ல பன்னின்னா முயலாம். முதல் நாளு எங்கம்மாட்ட, பன்னி சூட் போட்டு வேலை பாக்கேம்மான்னு சொன்னேன். அது முந்தானைய வாயில வச்சு அழுதுட்டு. படிக்க வச்ச பிள்ளைக்கு இப்படி ஒரு வேலையான்னு.

அந்த அங்கிய மாட்டிக்கிட்டு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கணும். எல்லாப் பக்கமும் காத்து அடிக்கும். மேல ஒரு தூசி இருக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, பொட்டு கூடாது, வளையல் கூடாது, பவுடர் கூடவே கூடாது. ஏன்னா அந்தச் செல்லு மேல தலைமுடிய விட மெலிசா வெள்ளிக் கோடு போடுவாக. பசை மாதிரி வெள்ளிய அரைச்சு, மெஷின் அச்சடிக்கும். அங்க ஒரு தூசி விழுந்தா கோடு அந்து போகும். கோடு அந்தா கரண்டு போகாது. செல்லு குப்பைக்குப் போகும். இதெல்லாம் நான் தூக்கத்துல கூடச் சொல்லுவேன்.

இப்ப செந்தூர்பாண்டி கதைக்கு வாரேன்.

அவன் எங்க ஷிப்டுக்கு இன்சார்ஜ். சத்தம் போட மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். கைய நீட்டினான், அங்க தொட்டான் இங்க தொட்டான் அப்படி எல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாது. அப்படி ஒரு ஆளா இருந்திருந்தாலாவது எனக்குச் சுலபமா இருந்திருக்கும். ஊரே சேந்து காறித் துப்பியிருக்கும். இவன் மெதுவாப் பேசுவான். அதான் ஆபத்து.

மூணு வருசத்துக்கு முன்ன சித்திரை மாசம். ஒரு நாள் காலையில செல்லுல எல்லாம் புள்ளி புள்ளியா வருது. கோடு அந்து அந்து வருது. மெஷின நிப்பாட்டிட்டாக. எண்ணிப் பாத்தா நாலாயிரம் செல்லு வீணு. அவன் எங்க ஆறு பேரையும் வரிசையா நிக்க வச்சான். ஒரு பொம்பள செக்யூரிட்டிய வரவழைச்சு, கறுப்புத் துணியால ஒவ்வொருத்தி முகத்தையும் கழுத்தையும் துடைக்கச் சொன்னான். அஞ்சு பேருக்கும் துணி கறுப்பாத்தான் இருந்துச்சு. எனக்குத் துடைச்ச துணியில வெள்ளையா ஒரு கோடு.

அது வேர்க்குரு பவுடர் அக்கா. கழுத்துல போட்டிருந்தேன். சித்திரை வெயிலு, கழுத்தெல்லாம் பொரிப் பொரியா வந்து அரிப்பு தாங்கல. கழுத்துலதான் போட்டேன். அதுவும் லேசா. அவன் என்ன எழுதினான் தெரியுமா? முகத்தில் பவுடர் பூசி வந்தார்னு எழுதினான். முகத்திலன்னு. நான் முகத்துல போடவே இல்ல. அப்ப அவன் எழுதினது பொய்தானே. நீங்களே சொல்லுங்க.

சார், கழுத்து சார், முகம் இல்ல சார்னு சொன்னேன். அவன் என்னைய நிமிந்து கூடப் பாக்கல. பேப்பர என் பக்கம் தள்ளிட்டு, மெதுவாச் சொன்னான்: "உன் ஒருத்தி அழகுக்கு நாலாயிரம் செல்லு போச்சு உலகம்மா."

ஷிப்டு முழுக்கக் கேட்டுக்கிட்டு நிக்குது. அன்னைக்கே மத்தியானம் கேண்டீன் வழியா என்னைய வெளிய கூட்டிட்டுப் போனாவ. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற நேரம். கரண்டிச் சத்தம் அப்படியே நின்னு போச்சு.

அந்த ஒரு வார்த்தை எனக்கு முன்னாலயே ஊருக்குப் போய்ச் சேந்துட்டு. எனக்கு நாலாயிரம்னே பேரு வச்சிட்டாவ. ரேஷன் கடையில நின்னா, "ஏ, நாலாயிரம் வந்திருக்கா, தள்ளு"ம்பாக. எங்கம்மா செத்த வீட்டுக்கு வந்தவுகள்ல ஒருத்தி, "எந்த வீடு, நாலாயிரம் வீடா"ன்னு தெருவுல விசாரிச்சா. அத என் காதால கேட்டேன். பிணத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு கேட்டேன். எங்கம்மா முகத்துக்கு நேரா சொன்னேன், அவனை விட மாட்டேம்மான்னு.

அழகுக்காம். நான் என்ன அழகுன்னு நீங்களே பாக்கியல்ல.

மூணு வருசம் அக்கா. தையல் மெஷின மிதிக்கும்போதெல்லாம் அவனத்தான் மிதிச்சேன். கடை நல்லா நடந்துச்சு. அது வேற விசயம். ரெண்டு பொம்பளையாளுகளை வேலைக்கு வச்சேன். சொந்தக் கடை, சொந்தக் கை, அங்க மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னதுக்கு இது எவ்வளவோ மேலுன்னு எல்லாரும் சொன்னாக. எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? அவன் அங்க இருக்கான். அந்தச் சத்தமில்லாத குரலோட அங்கனதான் இருக்கான்.

அப்பதான் ஒரு சேதி வந்துச்சு. கம்பெனிக்காரங்க சுத்துப்பட்டு ஊருல உள்ள மகளிர் குழுக்கள எல்லாம் கூட்டிட்டுப் போய் கம்பெனிய சுத்திக் காட்டுதாகன்னு. வேன் அனுப்புவாக, டீ வடை குடுப்பாக, வீட்டுக் கூரையில சோலார் எப்படிப் போடணும்னு சொல்லித் தருவாக.

நான் எந்தக் குழுவுலயும் இல்ல. அடுத்த வாரமே சேந்தேன். ரெண்டே மாசத்துல செயலாளர் ஆனேன். கூட்டம் தவறாம போவேன், நோட்டு எழுதுவேன், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் சட்டை தைச்சுக் குடுப்பேன். உலகம்மா மாதிரி உண்டுமான்னு சொன்னாக. மனுவ நானே எழுதினேன். பஞ்சாயத்துல முத்திரை வாங்கினேன். ஆதார் நகல் எல்லாம் சேத்து அனுப்பினேன். என் பேரப் பாத்து நிப்பாட்டிருவாகளோன்னு பயம்தான். எங்க ஊருப் பக்கம் உலகம்மாளுக்கா பஞ்சம்? ஒருத்தரும் கண்டுக்கல. நானும் அப்ப கண்ணாடி போட ஆரம்பிச்சிருந்தேன், உடம்பும் பெருத்துட்டு.

புதன்கிழமை. இருபத்திரெண்டு பேரு. வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு வாராவ. நானும் பாடினேன். இடுப்புல, சேலைக் கொசுவத்துக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம். குழந்தைப் பவுடர். நைசா இருக்கும்லா, அதான் வாங்கினேன்.

உங்கள மாதிரி ஒரு ஆளுகிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. நேரா சொல்லுதேன். கம்பெனி கேட்டப் பாத்ததும் திரும்பிப் போயிருவோமான்னு இருந்துச்சு. என்ன இருந்தாலும் சோறு போட்ட இடம். அந்தத் தரை, அந்தக் குளிரு, ஆசுபத்திரி மாதிரி ஒரு வாடை. பாத்ரூம் போனேன். பொட்டலத்தக் கையில எடுத்தேன். போட்டுத் தண்ணி ஊத்திருவோம்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்.

அப்புறம் ஒரு நிமிசம் யோசிச்சு, திரும்ப இடுப்புலயே வச்சிட்டு வெளிய வந்தேன். ஏன்னு எனக்கே தெரியாது. வெளிய வந்தா அவன் நிக்கான்.

எங்களுக்குச் சுத்திக் காட்டுத ஆளே அவன்தான். இப்ப துணை மேனேஜராம். முடிக்கு மை போட்டிருக்கான். தொந்தி விழுந்திருக்கு. ஆனா குரலு அதே குரலு. எங்கள ஒரு ஹால்ல உக்கார வச்சு, படம் போட்டுக் காட்டி, மணலுலருந்து எப்படிச் செல்லு வருதுன்னு சொல்லுதான். பொம்பளைகள்லாம் வாயப் பிளந்து கேக்காக. நல்லாத்தான் சொன்னான். மறைக்கக் கூடாதுல்ல. அப்புறம் சொன்னான்:

"எல்லாரும் முகம் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். முன்ன ஒரு பொண்ணு இங்க வேலை பாத்துச்சு. அழகா இருக்கணும்னு பவுடர் போட்டுட்டு வந்துச்சு. நாலாயிரம் செல்லு போச்சு."

எல்லாரும் சிரிச்சாக. என் குழுவுல உள்ளவுகளே சிரிச்சாக. எங்க தலைவி பேச்சியம்மா மட்டும் என்னைய ஓரக்கண்ணால பாத்துட்டு, அவளும் வாயப் பொத்திக்கிட்டா. சிரிப்ப அடக்கத்தான் பொத்துனா.

கேட்டியளா அக்கா. மூணு வருசமா வாரவுக போறவுக எல்லாருக்கும் அவன் என் கதையச் சொல்லியிருக்கான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, ஆபீசருகளுக்கு, வெள்ளைக்காரங்களுக்கு. டீ வடை மாதிரி என்னையும் பரிமாறியிருக்கான். என் எதிர்லயே பரிமாறுதான், நான்தான்னு தெரியாம. அந்த நிமிசம் பொட்டலம் இடுப்புல இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

அங்கி மாட்டுத ரூம்ல எல்லாரும் எப்படி மாட்டுததுன்னு தெரியாம முழிச்சாக. நான் எல்லாருக்கும் மாட்டி விட்டேன். அங்க நின்ன பிள்ளை, "அக்கா, நீங்க கெட்டிக்காரி"ன்னா. பொட்டலத்தப் பிரிச்சு, ஒரு சிட்டிகைய வலது கை கிளவுசோட ஆள்காட்டி விரலுக்குள்ள போட்டேன். அதுக்கு மேல விரல விட்டேன். நுனியில ஊக்கால சின்னதா ஒரு குத்து. காத்துப் பெட்டிக்குள்ள நிக்கையில விரல மடக்கி வச்சுக்கிட்டேன். காத்து வெளியதான் அடிச்சுச்சு. உள்ள இருக்கத அது என்ன செய்யும்.

எங்களப் பிரிண்டிங் ஹாலுக்குள்ள அஞ்சு அஞ்சு பேரா விட்டாக. தரையில மஞ்சக் கோடு போட்டிருக்கும், அதத் தாண்டக் கூடாது. நான் வேலை பாத்த அதே மெஷினு. அங்க ஒரு பிள்ளை நின்னா. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. பெரிய கண்ணு. ஒரு செல்ல உள்ளங்கையில வச்சு, கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு எங்களுக்குக் காட்டுதா.

"இது வெயிலக் குடிச்சுட்டு கரண்டு குடுக்கும் அக்கா. இருபத்தஞ்சு வருசம் குடிக்கும். நம்மள விட உழைப்பாளி"ன்னா.

மத்தவங்க சிரிச்சுட்டு நகந்துட்டாக. நான் கண்ணாடிய சரி பண்ணிக்கிட்டு, "எனக்குப் பார்வை சரியாத் தெரியல பிள்ள"ன்னேன். அவ செந்தூர்பாண்டி நின்ன பக்கம் ஒரு தடவ பாத்தா. அவன் வேற பக்கம் திரும்பி நின்னான். "கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்கக்கா, ஒரு நிமிசம்தான். ஒண்ணையும் தொட்டுறாதிய"ன்னா.

நான் ஒண்ணையும் தொடல. தட்டு தட்டா நீலச் செல்லு அச்சடிக்கப் போய்க்கிட்டு இருக்கு. அதுக்கு மேல கைய நீட்டி, "இதுவா பிள்ள, இதுவா"ன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே கட்டைவிரலால ஆள்காட்டி விரல அமுக்கிக்கிட்டே இருந்தேன். கண்ணுக்கே தெரியல. ஒண்ணுமே விழாத மாதிரிதான் இருந்துச்சு. அவ கண்ணு என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

வெளிய வந்து குரூப் போட்டா எடுத்தோம். அவனுக்குப் பக்கத்துலதான் நான் நின்னேன். ஆளுக்கு ஒரு சோலார் டார்ச்சு குடுத்தான். "நன்றி சார்"னேன். என் கண்ணுக்குள்ள பாத்தான். தெரியல அவனுக்கு. என் வாழ்க்கைய அழிச்சவனுக்கு என் முகம் தெரியல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து நல்லாச் சாப்பிட்டேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் ருசி தெரிஞ்சுது. இவன் பொறுப்புல இருக்கும்போது, இவன் கூட்டிட்டு வந்த கூட்டத்துக்கு நடுவுல, மறுபடியும் செல்லு போகுது. இவனைத்தானே கேப்பாக? இவனைத்தானே கேண்டீன் வழியாக் கூட்டிட்டுப் போவாக? நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பாக.

மானூர் வந்துட்டு போலருக்கு. கொஞ்சம் தண்ணி இருக்கா? குடுங்க.

நாலு நாளு கழிச்சுத் தெரிஞ்சுது. ஆறாயிரம் செல்லு. கோட்டத் தாண்டி ஆள விட்டது யாருன்னு கேமராவுல பாத்திருக்காக. அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டாக. அதே மாதிரி ஒரு பேப்பர். தூய்மை விதிகளை மீறினார்னு. எனக்கு நாலாயிரம், அவளுக்கு ஆறாயிரம்.

ஏன் அப்படிப் பாக்கிய? நான் அந்தப் பிள்ளைய நினைச்சா போனேன்? நான் அவனை நினைச்சுப் போனேன். குறி அவனுக்குத்தான். நடுவுல அவ வந்து நின்னா நான் என்ன செய்ய? கோட்டத் தாண்டி வரச் சொன்னது யாரு? நானா கேட்டேன்? பார்வை தெரியலன்னுதான் சொன்னேன்.

கோட்டத் தாண்டி வந்தவ யாருன்னு கேமராவுல தெரியலியான்னு கேக்கியளா? எல்லாரும் வெள்ளை அங்கி, மூஞ்சி மூடியிருக்கு, கண்ணாடி போட்டவுக ஏழெட்டுப் பேரு. எங்க குழுவுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, யாரு கோட்டத் தாண்டினதுன்னு கேட்டு. செயலாளர்தானே பதில் எழுதணும். நான்தான் எழுதினேன். எங்களுக்குத் தெரியாதுன்னு.

அப்புறம் ஒரு மாசம் இருக்கும். என் கடைக்கு ஒரு பிள்ளை வந்து நின்னா. சுடிதாரு, ஒல்லியா, கையில ஒரு பை. "தையல் தெரியும்க்கா, வேலை இருக்குமா"ன்னு கேட்டா. முகத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணப் பாத்துத்தான் தெரிஞ்சுது. இசக்கிப்பிரியான்னு பேரு. பக்கத்து ஊரு. அவளுக்கு என்னையத் தெரியல. சோலார் கம்பெனில இருந்தேன், விட்டுட்டேன்னா. ஏன் விட்டன்னு கேட்டதும் மடமடன்னு கண்ணுல தண்ணி.

அன்னைக்கே வேலைக்கு வச்சுக்கிட்டேன். அத நீங்க கணக்குல எடுத்துக்கிடணும். மறுநாளே மெஷின்ல உக்கார வச்சேன். மத்தியானம் என் சோத்துல பாதி அவளுக்கு. அவ அப்பா வெளியில தலை காட்டுததே இல்லயாம். பேசி வச்ச மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பிள்ளை கம்பெனில என்ன தப்பு பண்ணுச்சுன்னு ஆள் விட்டு விசாரிச்சுட்டு, பேச்ச அப்படியே விட்டுட்டாங்களாம். ஒரு நாளு பட்டன் கட்டிக்கிட்டே சொல்லுதா, "அக்கா, அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னுதான் கூப்பிட்டேன். அது தப்பா?"ன்னு. தப்பில்ல பிள்ளன்னேன். வேற என்ன சொல்ல?

அந்த அம்மா மேல அவளுக்குச் சந்தேகமே இல்ல. அது பாவம், வயசானது, அதுக்கு என்ன தெரியும்னு சொல்லுதா. எனக்கு முப்பத்தாறு வயசு.

இன்னும் கேளுங்க. செந்தூர்பாண்டி மேலயும் அவளுக்குக் கோவமே இல்ல முதல்ல. விசாரணையில அவன் எந்திரிச்சு நின்னு, "இந்தப் பிள்ளை மேல எனக்குச் சந்தேகம் இல்ல, பவுடர் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம அனுப்பக் கூடாது"ன்னு சொன்னானாம். மேல உள்ளவுக கேக்கலயாம். போறப்ப அவகிட்ட, "எதுவும் தெரிய வந்தா நானே உன்னையக் கூப்பிடுதேம்மா"ன்னு சொன்னானாம். அத ஏதோ சாமி வாக்கு மாதிரி சொல்லுதா.

எனக்கு எப்படி இருந்திருக்கும். எனக்காக ஒரு வார்த்தை பேசாதவன். என்னைய நிமிந்து பாக்காதவன். இவளுக்காக எந்திரிச்சு நிக்கானாம். இவ மேல சந்தேகம் இல்லயாம். என் மேல மட்டும் இருந்துச்சா? ஒரே மெஷினு, ஒரே அங்கி, ஒரே வேலை. நான் மட்டும் என்ன இளப்பமாப் போயிட்டேன்?

நான்தான் அவளுக்குப் புரிய வச்சேன். கொஞ்சம் கொஞ்சமா. ஏ பிள்ள, அவன் நடிக்கான். உனக்கு முன்னாலயே ஒருத்திய இப்படித்தான் அனுப்பினான், அது நான்தான்னு சொன்னேன். அவ கையில இருந்த துணிய அப்படியே கீழ போட்டுட்டா. "நீங்களாக்கா அது? அந்த நாலாயிரம்?"ன்னா. ஆமான்னேன். எந்திரிச்சு வந்து என்னையக் கட்டிக்கிட்டு அழுதா. அன்னைலருந்து நான் சொல்லுததுதான் அவளுக்கு. தினமும் சொல்லுவேன். பொம்பளைப் பிள்ளைகள ஒழிச்சுக் கட்டுததே அவன் வேலை, பவுடர அவனே போட்டிருப்பான், இல்ல ஆள் வச்சுப் போட்டிருப்பான்னு. இப்ப அவ என்னைய விடக் காரமாப் பேசுதா. அவன் பேரச் சொன்னா பல்லக் கடிக்கா.

மனு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதினது. லேபர் ஆபீஸ்ல குடுத்தோம். போன தடவ கூப்பிட்டாக. கம்பெனிக்காரங்க என்ன சொல்லுதாங்கன்னா, பவுடரக் கொண்டு வந்தது வேற ஆளுன்னு தெரிஞ்சா பிள்ளைய உடனே வேலைக்கு எடுத்துக்கிடுதோம், போனதுக்கெல்லாம் சேத்து நல்லது பண்ணுதோம்ங்காங்க. ஆனா இன்சார்ஜ் மேல புகார் சொல்லுதியன்னா சாட்சி வேணும்ங்காங்க. நான்தான் சாட்சி. இன்னைக்கு நான் சொல்லப் போறேன். செந்தூர்பாண்டி கையில பவுடர் டப்பா இருந்ததப் பாத்தேன்னு. அன்னைக்கு டூருக்கு வந்த இருபத்திரெண்டு பேருல நானும் ஒருத்தி, என் கண்ணால பாத்தேன்னு.

அவளுக்குத் தெரியுமான்னா கேக்கிய? டூருக்கு வந்தேன்னு போன வாரம்தான் சொன்னேன். அவனப் பாக்கத்தான் வந்தேன், அப்ப கண்டேன்னு. ஏன்க்கா முன்னாலயே சொல்லலன்னா. பயந்தேன் பிள்ளன்னேன். நம்பிட்டா. நல்ல பிள்ளை.

நீங்க என்ன சொல்ல வாரியன்னு தெரியுது. நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அவளுக்கு வேலை நாளைக்கே கிடைக்கும். எனக்குத் தெரியாதா? ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்காமலா இருப்பேன்? ஆனா அப்படிச் சொன்னா அவன் தப்பிச்சுருவான். அது மட்டும் இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன் பாத்தியளான்னு எந்திரிச்சு நிப்பான். உலகம்மா பவுடர்க்காரிதான்னு ஆயிரும். மூணு வருசத்துக்கு முன்னயும் அவ பவுடர்தான், இப்பவும் அவ பவுடர்தான்னு. அவன் எழுதின பேப்பரு உண்மையாப் போயிரும். அத நான் எப்படி விட முடியும்?

வேலை என்ன பெரிய வேலை. அவளுக்கு என் கடையிலயே இருக்கு வேலை. என் காலம் வரைக்கும் வச்சுக் காப்பாத்துவேன். அவளுக்கு என்ன குறை வச்சேன்?

அவன் ஒரே ஒரு நாள் தலை குனிஞ்சு வெளிய நடக்கணும். அத நான் பாக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

வந்துட்டு பஸ் ஸ்டாண்டு. பாத்து இறங்குங்க, படி உயரம். பைய நான் வாங்கிக்கிடுதேன். அந்தா நிக்கா பாருங்க, பச்சைச் சுடிதாரு. முதல் பஸ்சுக்கே வந்துட்டாளாம். கண்ணப் பாத்தியளா, நான் சொன்னேன்லா.

ஏ பிள்ள, சாப்பிட்டியா? இவுக பஸ்ல என் பக்கத்துல உக்காந்து வந்தாவ. நாகர்கோவில் போறாவ. என்னது? எனக்குன்னு இட்லி வாங்கி வச்சிருக்கியா? எதுக்குட்டி. நீ சாப்பிடு. அழாத, ஆபீசுக்குள்ள போகும்போது கண்ணு சிவந்திருக்கக் கூடாது. நான் இருக்கேன்லா. நான் பாத்துக்கிடுதேன்.

அக்கா, உங்க பஸ்சு அந்தப் பக்கம் நிக்கும். நாலாவது பிளாட்பாரம். இப்பவே கிளம்பிரும், போங்க. அக்கா. உங்களத்தான். அவ கைய எதுக்குப் பிடிக்கிய? விடுங்க, எங்களுக்கு நேரமாச்சு. அவ சின்னப் பிள்ளை, அவகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு? அக்கா, கைய விடுங்க.